சரித்திர நாவலாசிரியரும் சக எழுத்தாளரும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)



இம்மேடையிலே சமயம், சமூகம், கல்வி என்பன பற்றிப் பேரறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். நாமோ இன்னும் பட்டம் பெறாத மாணவர். எனினும், இலக்கியத்தைப் பற்றி ஏதாயினும் பேசுக என்று செயலாளர் அன்புக் கட்டளை இட்டபடியால், வாலிபர் விரும்பும் விஷயமாகவும் பெரியோர் வெறுக்காத விஷயமாகவும் ஒன்றைத் தேடினோம். சரித்திர நாவல் என்பதே அகப்பட்டது. அதிலும், சரித்திர நாவல் எழுதிய ஒருவர் தம் சக எழுத்தாளர் நடுவே எவ்வாறு வாழ்ந்தார், அந்த வாழ்விலிருந்து வன்னி மண்ணின் பிள்ளைகளாகிய நாம் கற்றுக்கொள்ளத் தக்கது யாது என்பதையே இன்று உங்கள் முன் வைக்க எண்ணுகின்றோம்.

அந்த ஒருவர் யார் என்று நாம் சொல்லு முன்னரே நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தமிழிலே சரித்திர நாவல் என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்களுடையது. 'பொன்னியின் செல்வன்' 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் இரண்டு பாகத் திரைப்படமாக வந்தபோது, நூலை அதற்கு முன் தொட்டும் பாராத இளைஞர் பலர் ஐந்து பாகங்களையும் தேடி வாசித்தனர். வந்தியத்தேவனைப் பற்றியும் குந்தவையைப் பற்றியும் பேசாத மாணவர் விடுதி அந்நாட்களில் இல்லை எனலாம். அறுபத்தெட்டு வருஷங்களுக்கு முன் மறைந்த ஒருவர் எழுதிய கதை அப்படிப் பேசப்பட்டதென்றால், அதன் காரணத்தை ஆராய்வது பயனுள்ள காரியமே.

கல்கி 1899ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்துப் புத்தமங்கலம் என்னும் சிறிய கிராமத்திலே பிறந்தார். திருச்சியிலே உயர்தரப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தவர், 1921இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பைக் கேட்டு, இறுதிப் பரீட்சை எழுதாமலே படிப்பை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு சிறை சென்றார். சர்வகலாசாலையின் வாசலை மிதியாத இம்மனிதர் பிற்காலத்தில் பல்லவரையும் சோழரையும் பற்றி எழுதி, பட்டதாரிகளையும் பாமரரையும் ஒருங்கே வாசிக்க வைத்தார். அவருக்கு ஆசிரியர் யார்? கல்லூரி யாது? சக எழுத்தாளரே அவருக்கு ஆசிரியர். பத்திரிகைக் காரியாலயமே அவருக்குக் கல்லூரி. இதுவே இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம். எழுத்தாளன் தனி மரமாக வளர்வதில்லை, தோப்பிலேதான் வளர்கிறான்.

முதலிலே குருவைப் பார்ப்போம். 1923இல் கல்கி 'நவசக்தி' பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அதன் ஆசிரியர் திரு. வி. கலியாணசுந்தரனார். மேடைத் தமிழுக்கும் பத்திரிகைத் தமிழுக்கும் புது அழகு கொடுத்த பெரியார் அவர். அவரிடம் ஐந்து வருஷம் பயின்ற கல்கி, குருவின் நடையை அப்படியே பிரதி செய்யவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். திரு. வி. க.வின் நடை செந்தமிழ் வீறு கொண்டது. கல்கியின் நடையோ திண்ணையில் இருந்து பேசுவது போன்றது, நகைச்சுவை ததும்புவது. நல்ல குரு தம் நிழலை மாணவன் மீது விழ விடார் என்பதற்கு இது ஒரு சான்று. அதன் பின் திருச்செங்கோட்டுக் காந்தி ஆச்சிரமத்திலே ராஜாஜியின் கீழ் இருந்து, மதுவிலக்குப் பிரசாரத்திற்காக நடந்த 'விமோசனம்' பத்திரிகையிலே பணி புரிந்தார். படிப்பறிவு குறைந்த கிராமத்தவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்னும் பயிற்சி அங்கே கிடைத்தது.

அடுத்து, ஆதரித்த முதலாளி. எஸ். எஸ். வாசன் 'ஆனந்த விகட'னை நடத்தி வந்தார். அதிலே கல்கி எழுதத் தொடங்கி, பின்னர் ஆசிரியப் பொறுப்பையும் வகித்தார். 'கள்வனின் காதலி', 'தியாக பூமி' முதலிய தொடர்கதைகள் அங்கேதான் வெளிவந்தன. ஆனால், 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்து சிறை சென்றதோடு அவருக்கும் 'விகட'னுக்கும் உள்ள தொடர்பு முடிந்தது. நல்ல வேதனம், பெயர், இலட்சக்கணக்கான வாசகர் எல்லாவற்றையும் விட்டு வெளியேறியவருக்கு நண்பர் டி. சதாசிவம் தோள் கொடுத்தார். சதாசிவம் அவர்களின் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' என்னும் படத்திலே நாரதராக நடித்து ஈட்டிய பணம் புதுப் பத்திரிகைக்கு மூலதனமாயிற்று. அதே 1941 ஆகஸ்டில் 'கல்கி' பத்திரிகை பிறந்தது. அதிலேதான் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' என்னும் மூன்று சரித்திர நாவல்களும் வாரந்தோறும் வெளிவந்தன. ஒரு பாடகி வேடமிட்டுச் சம்பாதித்த பணத்தின் மீது தமிழ்ச் சரித்திர நாவல் எழுந்து நின்றது என்றால், கலைகள் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

இனி, கூடி இரசித்த நண்பர்களைப் பார்ப்போம். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கம்பனிலே தோய்ந்தவர். குற்றாலத்திலே நண்பர்களைக் கூட்டி வைத்துக் கவிதை பேசியவர். 'சிவகாமியின் சபதம்' கதையின் முதற் கற்பனை, மாமல்லபுரக் கடற்கரையிலே ரசிகமணியுடன் இருந்த ஒரு நிலா இரவிலே தம் மனத்தில் எழுந்ததாகக் கல்கி தாமே அந்நூலின் முன்னுரையில் கூறியிருக்கிறார். அக்கற்பனை நூலாக வடிவெடுக்கப் பத்து வருஷங்களுக்கு மேல் சென்றது. இளைஞராகிய நாம் ஒரு கவிதை எழுதிய மறுநாளே அதை அச்சிற் காண அவசரப்படுகிறோம். நெல்லுக்கும் பருவம் உண்டு என்பது வயல் சூழ்ந்த ஊரிலே வாழும் எமக்குத் தெரியாததன்று.

நண்பர்களைச் சொன்னோம், எதிர்த்தவர்களையும் சொல்ல வேண்டும். எமது எண்ணத்தில், கல்கியின் இலக்கிய வாழ்விலே மிகுந்த படிப்பினை தருவது இப்பகுதியே. 1930களிலே 'மணிக்கொடி' என்னும் பத்திரிகையைச் சுற்றி வ. ராமசாமி, புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், சிட்டி முதலிய எழுத்தாளர் திரண்டிருந்தனர். அவர்களுக்கும் 'விகடன்' எழுத்தாளருக்கும் பல விஷயங்களில் கருத்து வேற்றுமை. பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவது தகுமா என்பது ஒரு விவாதம். பாரதி மகாகவியா என்பது மற்றொரு விவாதம். பாரதி சிறந்த தேசிய கவி. ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத் தக்கவர் அல்லர் என்ற பக்கத்திலே கல்கி நின்றார். மணிக்கொடியார் சினந்தெழுந்தனர். கு. ப. ரா.வும் சிட்டியும் எழுதிய மறுப்புக் கட்டுரைகள் 'கண்ணன் என் கவி' என்ற நூலாகவே வெளிவந்தன. தமிழ் இலக்கிய விமர்சனத்திலே அந்நூலுக்கு இன்றும் இடம் உண்டு.

இதன் பின் நடந்ததையே நாம் மனத்திற் பதிக்க வேண்டும். பாரதி பிறந்த எட்டயபுரத்திலே அவருக்கு ஒரு ஞாபகச் சின்னமும் இல்லாதிருந்த குறையைக் கண்டு, தமது பத்திரிகை மூலம் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அங்கே பாரதி மணிமண்டபம் எழுவதற்கு முன்னின்று உழைத்தவர் இதே கல்கிதான். 1947ஆம் ஆண்டு ராஜாஜி அதனைத் திறந்து வைத்தார். தாம் ஒரு காலத்தில் யாருடைய கவித்தரத்தைப் பற்றி வாதாடினாரோ, அவருக்கே மண்டபம் எழுப்ப வாசகர் வாசலிலே கையேந்தினார். இதைத் தோல்வி என்று யாரேனும் சொல்வாரா? கருத்து வேற்றுமை வேறு, காழ்ப்பு வேறு என்பதை அவர் செயலிலே காட்டினார். ஒரு கூட்டத்திலே மாற்றுக் கருத்தைச் சொன்னவனோடு மறுநாள் முகங்கொடுத்துப் பேசாத வழக்கம் எமது ஊர்ச் சங்கங்களிலே இல்லாமல் இல்லை. அதனாலேயே இதைச் சற்று விரித்துச் சொன்னோம்.

சரித்திர நாவலாசிரியருக்கு இன்னும் இரு வகைத் துணைவர் வேண்டும். ஒருவர் சரித்திர ஆசிரியர், மற்றவர் ஓவியர். சோழர் சரித்திரத்தை ஆராய்ந்து எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் நூல்கள் 'பொன்னியின் செல்வ'னுக்கு அடிநிலமாயின. ஓவியர் மணியம் அதன் பாத்திரங்களுக்கு உருவம் தந்தார். கல்கி நேரிற் பார்த்து எழுதும் வழக்கமுடையவர். எமது இலங்கைக்கும் வந்து, 'இலங்கையில் ஒரு வாரம்' என்ற பயண நூலையும் எழுதியிருக்கிறார். 'பொன்னியின் செல்வ'னில் அநுராதபுரமும் தம்புள்ளையும் தொண்டைமானாறும் வருகின்றன. சோழ இளவரசனைத் தேடி வந்தியத்தேவன் கடல் கடந்து வந்து நடமாடியது எமது தீவிலேதான். தமிழகத்துச் சஞ்சிகைகள் இங்கே வந்த காலத்திலே, வாரந்தோறும் வந்த தொடர்கதைப் பக்கங்களை மணியத்தின் படங்களோடு சேர்த்துத் தைத்து, 'பைண்ட்' செய்து, பெட்டியிலே வைத்துக் காத்த வீடுகள் பல. யுத்த காலத்து இடப்பெயர்வுகளிலே அப்பெட்டிகளையும் விட்டுவிட்டு வந்தவர் இச்சபையிலும் இருப்பீர்கள்.

இனி, சரித்திர நாவல் என்பது எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது பார்ப்போம். அதிலே மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது, சாசனமும் ஆவணமும் தரும் செய்தி. இரண்டாவது, மக்கள் வாயிலே வழங்கும் மரபு. மூன்றாவது, ஆசிரியனுடைய கற்பனை. 'சிவகாமியின் சப'தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நரசிம்ம பல்லவன் 642ஆம் ஆண்டளவில் சாளுக்கியரின் வாதாபி நகரைக் கைப்பற்றியது சரித்திரம். அப்படையெடுப்பிலே சென்ற பரஞ்சோதியாரே பின்னர் சிறுத்தொண்ட நாயனாராகச் சிவத்தொண்டு செய்தார் என்பது பெரிய புராணம் எமக்குத் தரும் வரலாறு. ஆயனச் சிற்பியும் அவர் மகள் சிவகாமியும் ஆசிரியரின் கற்பனை. மூன்றும் ஒன்றாகப் பின்னப்பட்டபோது, சேனாதிபதி ஒருவர் யுத்தத்தின் கோரத்தைக் கண்டு சிவனடியாராக மாறியது எவ்வாறு என்பது எமது உள்ளத்தைத் தொடுகிறது. குருபூசை நாளிலே கேட்ட நாயனார் கதை, நடமாடும் ஒரு வாலிபனுடைய கதையாகக் கண் முன்னே வருகின்றது.

'பொன்னியின் செல்வ'னிலே இன்னும் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. ஆதித்த கரிகாலன் கொலையுண்டான் என்பது சரித்திரம். உடையார்குடிக் கோயிற் சாசனம் ஒன்று, அக்கொலையோடு தொடர்புடைய துரோகிகளென ரவிதாசன் முதலியோரின் பெயரைச் சொல்லி, அவர்களைச் சேர்ந்தவர்களின் நிலம் பறிமுதலான செய்தியையும் கூறுகிறது. ஆனால், அக்கொலையின் முழு மர்மத்தையும் சரித்திரம் வெளிப்படுத்தவில்லை. ஐந்து பாகம் எழுதிய கல்கி, வாசகர் ஆவலோடு காத்திருந்த அந்த இடத்திலே, குத்திய கை இன்னாருடையது என்று அடித்துக் கூறவில்லை. ஐயத்தை ஐயமாகவே விட்டார். வாசகர் கேட்ட கேள்விகளுக்கு முடிவுரையிலே தனியாக விடை எழுதினார். சரித்திரம் மௌனமாயிருந்த இடத்திலே ஒரு வம்சத்தின் மீது பழியைச் சுமத்தக் கூசிய அந்தப் பேனாவின் நேர்மையை நினைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அது எமக்குத் தேவைப்படும்.

நாம் மிஷன் பாடசாலையிலே படித்தவர்கள். அங்கேயுள்ள நூல் நிலையத்திலே வோல்ட்டர் ஸ்கொட்டின் 'ஐவன்ஹோ', லூ வலஸ் எழுதிய 'பென் ஹர்', போலந்து நாட்டு ஹென்றிக் சென்கியேவிச்சின் 'குவோ வாடிஸ்' ஆகிய கதைகள் இருந்தன. போலந்து அயலவரால் பங்கு போடப்பட்டு, தேசப்படத்திலே பெயரில்லாமல் இருந்த காலத்திலே, தன் மக்களின் நெஞ்சுரம் தளராதிருக்கப் பழைய போலந்தின் சரித்திரத்தைப் பெருங்கதைகளாக எழுதியவர் சென்கியேவிச். 1905இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு சமூகம் சோர்ந்திருக்கும் வேளையிலே சரித்திரக் கதை அதற்குக் கஞ்சியாகவும் மருந்தாகவும் ஆகும் என்பது எந்தச் சமயத்தார்க்கும் பொதுவான உண்மை.

கல்கியின் பின் வந்தோரைச் சுருங்கச் சொல்வோம். அவர் 1954 டிசம்பர் 5ஆம் திகதி மறைந்தார். குறையாக நின்ற 'அமர தாரா' நாவலை அவர் புதல்வி ஆனந்தி முடித்து வைத்தார். 'அலை ஓசை' நாவலுக்கு 1956இல் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 'கல்கி'ப் பத்திரிகையிலேயே வெளிவந்து, 1963இல் அதே பரிசைப் பெற்றது. கல்கியின் அயலிலே வசித்து, அவருடைய ஊக்கத்தைப் பெற்ற சாண்டில்யன் 'யவன ராணி', 'கடல் புறா' எழுதினார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யிலே 'பொன்னியின் செல்வ'னின் கதையைத் தொடர்ந்தார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன.

சரித்திர நாவலைக் குறை கூறுவோரும் உளர். அரண்மனையும் சுரங்கப் பாதையும் காட்டி, இன்றைய வாழ்வின் துன்பத்தை மறக்கச் செய்வது அது என்பர். ஈழத்திலே 1950களிலும் 1960களிலும் 'மண்வாசனை' வேண்டும் என்று முழங்கிய எழுத்தாளர், தஞ்சாவூர்க் கனவை விட்டு எமது மண்ணை எழுதுக என்றனர். அவர்கள் கூற்றிலே பெரிதும் நியாயம் உண்டு. அந்த அழைப்பின் நற்பயனாக வன்னிக்கும் நாவல்கள் கிடைத்தன. தண்ணிமுறிப்பின் காட்டையும் குளத்தையும் மனிதரையும் அ. பாலமனோகரன் 'நிலக்கிளி'யிலே 1973இல் எழுதினார். ஆனால் எமது மண்ணுக்கும் ஒரு பழைய சரித்திரம் உண்டல்லவா? மண்வாசனையும் சரித்திரமும் ஒன்றுக்கொன்று பகையல்லவே!

இங்கே 1895 என்ற ஆண்டை நினைவூட்ட விரும்புகின்றோம். அவ்வாண்டிலேதான் திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' என்ற நாவலைச் சென்னையிலே வெளியிட்டார். தமிழின் முதற் சரித்திர நாவல் என்று ஆராய்ச்சியாளர் அதனைக் கூறுவர். ஈழத்தவர் கை தொடக்கி வைத்த துறை இது! எனினும், அவர் எடுத்த கதை நாயக்க மன்னர் காலத்துத் தென்னிந்தியக் கதை. அதே 1895இல், ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில உத்தியோகத்தர் வன்னி மாவட்டங்களைப் பற்றிய ஒரு பெருநூலை ஆங்கிலத்தில் எழுதி, கொழும்பிலே அச்சிட்டார். தமிழ் நாவலாசிரியர் தென்னிந்தியாவை எழுதிய ஆண்டிலே, வன்னியின் சரித்திரத்தை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எழுதி வைத்தார். இவ்விரண்டும் ஒரே ஆண்டிலே நேர்ந்தது தற்செயல்தான். ஆயினும் அதிலே எமக்கு ஒரு செய்தி இருக்கிறது.

வன்னியின் சரித்திரத்திலே கதைக்கு என்ன குறை? 1780களிலே ஒல்லாந்தர் வன்னியைப் பணிய வைக்கப் படை நடத்தியபோது, அவர்களைக் கடுமையாக எதிர்த்து நின்றவர்களுள் ஒருத்தி மரியா செம்பாத்தை என்ற வன்னிச்சி. அவள் சிறைப்பட்டுக் கொழும்புக் கோட்டையிலே வைக்கப்பட்டாள் என்று ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் கூறும். வன்னி மக்கள் பாடி வந்த வேலப்பணிக்கன் கதையிலே, அரியாத்தை என்னும் பெண் மதயானையைப் பிடித்துக் கட்டுகிறாள். பூங்குழலிக்கும் நந்தினிக்கும் எந்த வகையிலும் குறையாத நாயகியர் இவர்கள். ஆனால் பூங்குழலியை அறிந்த எம்மவர் எத்தனை பேர், அரியாத்தையை அறிந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாரினும் மேலாக, பண்டாரவன்னியன் இருக்கிறான். 1803 ஆகஸ்ட் 25ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி, ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவிலே கப்டன் வொன் டிரிபேர்க் என்பவனிடம் தோல்வியுற்றான். அவ்விடத்திலே ஆங்கிலேயர் நாட்டிய கல் அத்தோல்வியை மட்டுமே குறித்தது. வவுனியாவிலே எமது மக்கள் அவனுக்குச் சிலை எடுத்திருக்கின்றனர். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி வே. சுப்பிரமணியம் அவர்கள் 'பண்டாரவன்னியன்' நாடகத்தையும், 'வன்னியர் திலகம்' என்ற நாவலையும் எழுதி, இத்துறையிலே எமக்கு வழிகாட்டியிருக்கிறார். அவருக்கு வன்னி மக்கள் கடமைப்பட்டவர்கள்.

இப்போது கல்கியின் நேர்மையை நினைவுகூருங்கள் என்று சொன்னோமே, அதற்கு வருவோம். பண்டாரவன்னியனின் வீழ்ச்சிக்குக் காக்கைவன்னியன் என்பவனுடைய காட்டிக்கொடுப்பே காரணம் என்பது எம்மிடையே வழங்கும் மரபு. பண்டாரவன்னியனின் தங்கை நல்லநாச்சியை அவன் விரும்பினான், அவள் மறுத்தாள், அந்த வன்மத்தால் துரோகியானான் என்று கூத்தும் நாடகமும் சொல்லும். கதைக்கு இது மிகவும் சுவை தரும். காதலும் வீரமும் துரோகமும் ஒருங்கே வாய்த்த கதை. ஆனால் இதிலே எது ஆவணம், எது மரபு, எது நாடகாசிரியன் சேர்த்த சுவை? கல்லிலே துரோகியின் பெயர் இல்லை. நல்லநாச்சியின் பெயரும் இல்லை. மரபு பொய் என்று நாம் சொல்லவில்லை. மரபை மரபு என்றே சொல்லிக் கொடுங்கள் என்றே கேட்கின்றோம்.

ஏன் இதை வற்புறுத்துகின்றோம்? காட்டிக்கொடுத்தவன் என்ற சொல் எமது மண்ணிலே வெறும் நாடகச் சொல் அன்று. அச்சொல்லாலே உறவு முறிந்த குடும்பங்கள் உண்டு. ஊர் விட்டுப் போனவரும் உண்டு. துரோகி என்று ஒருவனைக் காட்டிவிட்டால், தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்ற சோம்பல் மனத்திலே வந்து குடியேறுகிறது. ஆங்கிலேயரின் படைப்பலம் எவ்வளவு, அயற் குறுநில மன்னர் ஏன் ஒன்றுபடவில்லை, காய்ச்சலும் வறட்சியும் குடிகளை எவ்வளவு குறைத்திருந்தன என்ற கேள்விகள் எழாமலே போகின்றன. சரித்திரக் கதை சோர்ந்தவனை நிமிர்த்த வேண்டும். அயலவன் வீட்டுப் படலையிலே கரி பூசக் கூடாது. ஆகவே, வன்னியின் சரித்திரத்தை நாவலாக எழுதப் போகும் எம் தலைமுறை, கரிகாலன் கொலையிலே கல்கி காட்டிய நிதானத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒருவன் போதாது. கல்கிக்கு ஒரு திரு. வி. க., ஒரு சதாசிவம், ஒரு ரசிகமணி, ஒரு பண்டாரத்தார், ஒரு மணியம், எதிர்த்து நிற்க ஒரு மணிக்கொடிக் கூட்டம், இத்தனை பேரும் வேண்டியிருந்தது. வன்னியிலும் அப்படியொரு கூட்டம் சேர வேண்டும். கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. 2021இல் வவுனியாவுக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. ஆராய்வோர் எம் வாசலுக்கே வந்திருக்கின்றனர். வாலிபர் சங்கம் செய்யக் கூடியவை சிலவற்றைப் பணிவோடு கூறுகின்றோம்.

முதலாவதாக, மாதம் ஒரு முறை வாசிகசாலையிலே எழுதுவோர் கூடி, எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கேட்போர் ஒளிவு மறைவின்றி அபிப்பிராயம் சொல்ல வேண்டும். சொன்னபின் ஒன்றாக இருந்து தேநீர் குடிக்கவும் வேண்டும். இரண்டாவதாக, பழைய நாட்களிலே சங்கங்கள் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகையை மீண்டும் தொடங்க வேண்டும். அச்சுச் செலவு இல்லை, பயிற்சியோ பெரிது. மூன்றாவதாக, எம் பாட்டன் பாட்டிமார் வாயிலுள்ள கதைகளை இப்பொழுதே எழுதி வைக்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலிலே உப்பு நீரில் விளக்கெரியும் அற்புதத்தைச் சொல்வோர், கோவலன் கூத்துப் பாட்டுகளை மனனமாக வைத்திருப்போர், குளம் கட்டிய காலத்தை நினைவிலே வைத்திருப்போர் ஆகியோர் இன்று சிலரே. யுத்தத்திலே ஏடுகளும் புத்தகங்களும் அழிந்தன. எஞ்சியிருப்பது பெரியோரின் ஞாபகமே. அதை எழுதும்போது, சொன்னவர் யார், எந்த ஊரார், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும் குறித்து வைத்தால், நாளை எழுதப் போகும் நாவலாசிரியன் எது மரபு, எது தன் கற்பனை என்று பிரித்தறிவான்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். மகன் கதைப் புத்தகம் வாசிக்கிறான் என்று கோபியாதீர்கள். பரீட்சைக்குப் படிக்கும் சரித்திரம் பரீட்சையோடு போய்விடும். கதையாக நெஞ்சிலே புகுந்த சரித்திரம் ஆயுள் முழுவதும் நிற்கும். அவன் ஒரு கதை எழுதிக்கொண்டு வந்தால், அதிலே வரும் குளத்தின் பெயர் சரிதானா, அக்காலத்திலே அந்த வழியாலே வண்டில் போனதா என்று திருத்திக் கொடுங்கள். அவனுக்குப் பண்டாரத்தார் நீங்களே.

வாலிப நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மாமன்னர் பரம்பரையிலே பிறந்தோம் என்று மார்தட்டுவதற்காகச் சரித்திர நாவலை வாசிக்க வேண்டாம். சேனாதிபதியாயிருந்த பரஞ்சோதி சிறுத்தொண்டரானது எதனால் என்று எண்ணி வாசியுங்கள். வாதாடிய கல்கி மண்டபம் எழுப்பியது எதனால் என்றும் எண்ணுங்கள். பின்னர் பேனாவை எடுங்கள். அரியாத்தை காத்திருக்கிறாள், கொழும்புக் கோட்டையிலே சிறையிருந்த வன்னிச்சியும் காத்திருக்கிறாள். அவர்களை எழுத எங்கிருந்தோ ஒருவர் வர வேண்டும் என்று இன்னும் ஒரு நூற்றாண்டு பார்த்திருப்பது எமக்கு அழகன்று.